லினக்ஸ் கணினிக்கு ஏற்ற பென்ட்ரைவ் எது?

கலைவிழா வீடியோவைப் பிரதி எடுப்பதற்காக எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி 32 ஜிகாபைற் பென்ட்ரைவ் ஒன்றைக் கொண்டுவந்தாள். வீடியோ வெறும் 5 ஜிகாபைற். பென்ட்ரைவில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கோப்பு மிகப் பெரியது என்று கணினி மறுத்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை! ஆய்வுகூடக் கணினி லினக்ஸில் இயங்குவதால்தான் இந்தக் கரைச்சல் என்று எல்லோரும் லினக்ஸைத் திட்டினோம். பிழை அதில் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

லினக்ஸ் என்பது 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய, யுனிக்ஸ் போன்ற பணிசெயல் முறைமையாகும். பென்ட்ரைவ் பெட்டியில் லினக்ஸின் பெயர் இல்லையே என்று பயப்படத் தேவையில்லை. யு.எஸ்.பி. தேக்கச் சாதனங்கள் யாவும் ஒரு பொது நியமப்படி தயாரிக்கப்படுவதால், செருகியவுடன் லினக்ஸ் அவற்றை இனங்காணும்.

அப்படியாயின் சிக்கல் எங்கே? கோப்பு முறைமையில்தான். நூலகத்தில் புத்தகங்களை அடுக்கும் ஒழுங்கைப் போன்றது அது. சாதனம் ஒன்றாக இருந்தாலும் அடுக்கும் ஒழுங்கு வேறுபடலாம்.

ஃபாட்32 என்ற பழைய ஒழுங்கை ஏறக்குறைய எல்லாக் கணினிகளும் வாசிக்கும். ஆனால் தனியொரு கோப்பு 4 ஜிகாபைற்றை எட்ட அது இடங்கொடாது. எங்கள் வீடியோ அகப்பட்டதும் இங்கேதான். 2006இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட எக்ஸ்ஃபாட்டில் அந்தத் தடை இல்லை. அதன் விவரக்குறிப்பு 2019இல் பகிரங்கமாக்கப்பட்டது. அதே ஆண்டு வெளியான லினக்ஸ் 5.4 முதல் அதற்கான ஆதரவு கருவிலேயே உண்டு. எக்ஸ்ட்4 லினக்ஸுக்கே உரியது. கோப்பு அனுமதிகளையும் சேர்த்துக் காக்கும். ஆனால் மேலதிக மென்பொருளின்றி விண்டோஸ் அதைத் திறக்காது.

ஆகவே, வீட்டில் விண்டோஸும் பாடசாலையில் லினக்ஸும் பாவிப்பவர்களுக்கு எக்ஸ்ஃபாட் நல்லது. லினக்ஸ் கணினியின் காப்புப்பிரதிக்கு மட்டுமாயின் எக்ஸ்ட்4 போதும். எந்தச் சாதனத்தையும் வாங்கிய பின் விரும்பிய முறைமைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது உள்ளிருப்பவை அனைத்தும் அழியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடையில் கவனிக்கவேண்டியவை மூன்று. முதலாவது, கடவுச்சொல் மென்பொருளுடன் வரும் சாதனங்கள். அம்மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் மக்கிற்கும் மட்டுமே. லினக்ஸில் பூட்டுத் திறக்காமலே போகலாம். இரண்டாவது, வேகம். யு.எஸ்.பி. 2.0 செக்கனுக்கு 480 மெகாபிற் வரையும், 3.0 செக்கனுக்கு 5 ஜிகாபிற் வரையும் கடத்தவல்லன. மூன்றாவது, போலிகள். அதிக கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் மலிவான பென்ட்ரைவ்கள் சந்தையில் உண்டு. லினக்ஸில் இயங்கும் எஃப்3 என்ற இலவச மென்பொருள், சாதனத்தை நிரப்பி மீள வாசித்து உண்மையைச் சொல்லிவிடும்.

கடைசியாக ஒன்று. பிரதி முடிந்ததாகத் திரை காட்டினாலும், லினக்ஸ் தரவின் ஒரு பகுதியை நினைவகத்தில் வைத்து ஆறுதலாக எழுதிக்கொண்டிருக்கலாம். அந்நேரம் பென்ட்ரைவைப் பிடுங்கினால் பல நாள் உழைப்பு நொடியில் சிதைந்துவிடும். முறைப்படி வெளியேற்றிய பின்னரே கழற்றுங்கள். முக்கியமானவற்றின் பிரதியொன்றை வேறோர் இடத்திலும் வையுங்கள்.

தோழியின் பென்ட்ரைவை எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றினோம். வீடியோ முழுதாய் ஏறியது. புதிய பென்ட்ரைவ் வாங்கத் தேவைப்படவில்லை; அதைப் பற்றிய அறிவுதான் தேவைப்பட்டது.