ஊவா மலைச் சாலைகளும் பழைய மோட்டார் வண்டிகளும்

பழம்பொருள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் கோயிற் சிற்பமுமே பெரும்பாலார் உள்ளத்தில் தோன்றும். இயந்திரங்களும் ஒரு காலத்து மக்களின் அறிவையும் முயற்சியையும் காட்டும் சான்றுகளே என்னும் எண்ணம் சென்ற நூற்றாண்டிலேதான் வேரூன்றியது. 1896ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இங்கிலாந்தில் மோட்டார் வண்டிகளின் வேகக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டதைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டன் நகர் வரை வண்டிகள் ஊர்வலமாய்ச் சென்றன. அந்நிகழ்ச்சியின் நினைவாக 1927 முதல் நடைபெறும் ஓட்டத்தில் 1905ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளே இடம்பெறுகின்றன. பழைய வாகனங்களைப் பேணுவோரின் சர்வதேசக் கூட்டமைப்பு 1966இல் தோன்றியது. அதன் பொன்விழா ஆண்டாகிய 2016, யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவுடன் உலக மோட்டார் மரபு ஆண்டாகக் கொண்டாடப்பட்டது.

இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டியை எட்கர் மணி என்பார் 1902இல் வருவித்தார் என்பர். இரண்டாண்டுகளின் பின், 1904இல், மோட்டார்ச் சங்கமும் இங்கே நிறுவப்பட்டது. நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி இத்தீவின் மோட்டார் விளையாட்டுகளுள் மிகப் பழையது. இவை பலரும் அறிந்த செய்திகள். அம்மலைக்கு அப்பால் ஊவா மாகாணத்தில் மோட்டார் வண்டி பெற்ற வாழ்வோ அத்துணை விரிவாகப் பேசப்படவில்லை. அவ்வாழ்வை ஆராயுமிடத்து, பழைய வண்டியைப் போற்றுதல் என்பதன் பொருளே சற்று விரிவடையக் காணலாம்.

வண்டிக்கு முன்னே வந்தது சாலை. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில் விளைபொருள்களைப் பொதிமாடுகளும் மாட்டு வண்டிகளுமே மலையிலிருந்து இறக்கின. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் பாதை அமைப்பதிற் பெயர் பெற்றவர். அவர் 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் நினைவாக எழுந்த புனித மாற்கு தேவாலயம் பதுளை நகரில் இன்றும் நிற்கின்றது. ஆனால், பாறையைப் பிளந்து, மண் சுமந்து, கல் அடுக்கிச் சாலை சமைத்த தொழிலாளரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுட் பெருந்தொகையினர் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தோர். புகையிரதப் பாதை பண்டாரவளையை 1894இல் அடைந்தது; பதுளையை அடைந்ததோ 1924இலே. ஆகவே மோட்டார் வண்டி இத்தீவுக்கு வந்தபின் இருபதாண்டுகளுக்கு மேலாகப் பதுளைக்குச் சாலையே தனித்துணையாய் இருந்தது.

அச்சாலை வண்டிக்கு எளிதன்று. பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 அடி உயரத்திலும், அப்புத்தளை ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலும் உள்ளன. சுமார் 40 கிலோமீட்டர் தூரத்துள் 2,500 அடி ஏறவேண்டும். ஏற்றத்தில் இயந்திரம் மிகுதியாக உழைப்பதால் வெப்பமும் மிகும். வண்டியோ மெல்லச் செல்வதால் அதனைத் தணிக்கும் காற்று குறையும். உயரம் கூடக் காற்றமுக்கம் குறைந்து, நீரின் கொதிநிலையும் தாழும். அப்புத்தளையில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். பழைய வண்டிகளின் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியதும், ஓட்டுநர்கள் மலையருவிகளின் ஓரம் நிறுத்தி நீர் ஊற்றியதும் இதனாலேயாம். 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்ட் டீ வகை வண்டியில் பெற்றோல் தொட்டி ஆசனத்தின் கீழ் இருந்தது. பெற்றோல் தன் எடையாலேயே வழிந்து இயந்திரத்தை அடையும். செங்குத்தான ஏற்றத்தில் அது சென்று சேராது. ஆதலின் அவ்வண்டியைப் பின்புறமாகத் திருப்பி மலையேற்றும் வழக்கம் பல நாடுகளிலும் இருந்தது. இறக்கத்திலோ வேறொரு இடர் உண்டு. தடையை ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலைநாட்டு ஓட்டுநரின் பால பாடமாகும்.

இத்தகைய சாலைகளில் நெடுங்காலம் நிலைத்த வண்டிகளுள் மொரிஸ் மைனர் தலையாயது. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இவ்வண்டி 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளியாயிற்று. 1971இல் உற்பத்தி முடிவதற்குள் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. 1952இல் ஒஸ்டின் நிறுவனமும் மொரிஸ் நிறுவனமும் இணைந்தமையால், ஒஸ்டின் ஏ30 வண்டியின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் இதற்கும் பொருத்தப்பட்டது. பின்னர் அதே குலத்து இயந்திரம் 948, 1,098 என வளர்ந்தது. ஒரே குலத்து இயந்திரங்கள் பல வண்டிகளில் இருந்தமையால், ஒன்றிற் கழற்றிய உறுப்பு மற்றொன்றுக்கு உதவிற்று. எளிய கருவிகளுடன் எவரும் அணுகக்கூடிய அமைப்பும் அதற்கு இருந்தது.

எனினும், வண்டி நன்றாய் இருந்ததொன்றே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் வண்டி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதிய வண்டியும் உதிரிப்பாகமும் கிட்டுதற்கு அரியனவாயின. இங்கிலாந்தில் பழுதான வண்டி இரும்புக் குவியலுக்குப் போன காலத்தில், இங்கே அது திருத்தகத்துக்குச் சென்றது. துருவேறிய தகட்டை வெட்டி, புதுத் தகட்டைச் சுத்தியலால் அடித்து வளைத்து ஒட்டினர். கிடைக்காத உறுப்பைக் கடைசற் பட்டறையிற் கடைந்தெடுத்தனர். தேய்ந்த இயந்திரத்துக்குப் பதிலாக வேறு நாட்டு வண்டியின் இயந்திரத்தையும் அமர்த்தினர். இத்தொழிலறிவு எத்துணைச் சிறந்தது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் வெயர் என்பாரின் கூட்டு முயற்சியால், மொரிஸ் மைனருக்குரிய தகடுகளும் உறுப்புகளும் இலங்கையிற் செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த நாட்டுக்கே அனுப்பப்பட்டன. கொண்ட நாடு கொடுத்த நாட்டுக்கு உதவிய விந்தை இது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அவ்விடைக்காலத்திலும் பழையதைத் திருத்தி வாழும் கலையே நாட்டுக்குக் கைகொடுத்தது.

தோட்டங்களில் மோட்டார் வண்டி என்றால் துரையின் கார் மட்டும் அன்று. பறித்த கொழுந்து நசுங்காமலும் வெப்பமேறாமலும் சில மணி நேரத்துள் தொழிற்சாலையை அடைதல் வேண்டும். காலம் தாழ்த்தினால் தேயிலையின் தரம் கெடும். அக்கடமையைச் செய்தது கொழுந்து லொறி. நோயுற்றாரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றதும் பல வேளைகளில் அதே லொறியாகும். 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் தொடங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துகள் பசறை, லுணுகலை, வெலிமடை முதலிய ஊர்களுக்குப் பொதுமக்களை ஏற்றிச் சென்றன. ஆயினும் பழைய வாகன விழாக்களில் பளபளக்கும் கார்களுக்கே முதலிடம். உழைத்துத் தேய்ந்த லொறியும் பேருந்தும் பெரும்பாலும் இரும்பு விலைக்குப் போயின.

மேற்கூறிய சர்வதேசக் கூட்டமைப்பு, முப்பதாண்டு கடந்து, வரலாற்று முறைப்படி பேணப்பெற்று, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியையே பழமை வாய்ந்ததாகக் கொள்கின்றது. இவ்வரையறை செல்வர் நாடுகளுக்கு ஏற்றதாகலாம். ஊவாவின் வண்டியோ அன்றாடம் ஓடியதனாலேயே உயிர் பிழைத்தது. அதன் ஒட்டுத் தகடும் மாற்று இயந்திரமும் அதன் வரலாற்றின் ஏடுகள். அவற்றைக் குறையென்று நீக்கி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கோலத்தை மீட்க முற்படுவோர், இடைப்பட்ட அறுபதாண்டுக் கைத்திறனை அழிப்பவராவர்.

ஆகவே செய்யத்தக்கது யாது? எஞ்சிய வண்டிகளைப் பேணுதல் ஒன்று. அவற்றைத் திருத்தியோர், ஓட்டியோர், அவை ஓடிய சாலையைக் காத்தோர் ஆகியோரின் அனுபவங்களைக் கேட்டு எழுதிவைத்தல் மற்றொன்று. முன்னையதற்குப் பெரும் பொருள் வேண்டும். பின்னையதற்கு ஒரு குறிப்பேடும் செவிசாய்க்கும் பொறுமையும் போதும். மலைநாட்டுக் கல்லூரி மாணாக்கர் தத்தம் ஊர்த் திருத்தகங்களிலும் லயங்களிலும் இப்பணியைத் தொடங்கலாம். காலம் தாழ்த்தலாகாது. வண்டியின் உறுப்பு தேய்ந்தால் வேறொன்றைக் கடைந்தெடுக்கலாம்; முதியவர் ஒருவர் மறைந்தால் அவர் அறிந்ததை மீண்டும் கடைந்தெடுக்கும் பட்டறை எங்கும் இல்லை.