டர்போவுக்குப் போன ஆயில் எப்படித் திரும்பி வருகிறது?

மூலக்கடை, வியாசர்பாடி, மாதவரம் பக்கத்து லாரி ஒர்க் ஷாப்களுக்கு டர்போ புது விஷயமில்லை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களில் டர்போ இல்லாத எஞ்சினை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். புதிதாகக் கிளம்பியிருப்பது, டர்போ இல்லாமல் வந்த பெட்ரோல் காருக்குத் தனியாக கிட் வாங்கிப் பூட்டும் ஆசை. பெட்டியைப் பிரித்ததும் எல்லோர் கண்ணும் அந்தப் பளபள நத்தைக்கூட்டின் மேல்தான் போகும். ஆயில் ரிட்டர்ன் பைப் ஓரமாகக் கிடக்கும். ஆனால் கிட் பிழைக்குமா, புகை கக்குமா என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவு செய்கிறது. டீ ஆறுவதற்குள் அந்தப் பைப்போடு சேர்ந்து நாமும் ஒரு நடை போய்வரலாம்.

முதலில், ஆயிலுக்கு அங்கே என்ன வேலை? சைலன்சருக்குப் போகும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1905-ல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. ஷாஃப்ட் சுண்டுவிரல் பருமன்கூட இராது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும், சின்ன கார் டர்போக்கள் இரண்டு லட்சத்தையே தொடும். அந்த வேகத்தில் இரும்பு இரும்பைத் தொட்டால் கதை முடிந்தது. அதனால் ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடியே சுற்றுகிறது. சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுவதும் அதே ஆயில்தான்.

அந்த ஆயில் எஞ்சினிலிருந்தே வருகிறது. பெரும்பாலான கிட்களில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு ‘டி’ போட்டு மெல்லிய லைன் ஒன்றை டர்போவின் மேல்பக்கத்துக்கு இழுப்பார்கள். ஆயில் பம்ப் தள்ளுவதால் அந்த லைன் பென்சில் பருமன் இருந்தாலே போதும்.

இப்போது டர்போவைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே ஆயில் நுழையும் ஓட்டை சின்னது. அடியில் வெளியேறும் ஓட்டை அதைவிடப் பல மடங்கு பெரியது. உள்ளே போகும் அளவுதானே வெளியே வரப்போகிறது, எதற்கு இவ்வளவு பெரிய வாய்?

எல்லோரும் இடறும் இடம் இதுதான். பம்ப் உள்ளே தள்ளுகிறது, அதே வேகம் வெளியேயும் தள்ளிவிடும் என்று நினைக்கிறோம். தள்ளாது. புஷ்ஷின் நூலிழை இடைவெளியில் நுழைந்து வெளிவரும்போதே அழுத்தம் முழுவதும் செலவாகிவிடுகிறது. ஷாஃப்ட் சுற்றிய சுற்றில் காற்றும் கலந்து, ஆயில் நுரையாகச் சொட்டுகிறது. அதற்குமேல் அதை இழுக்கவோ தள்ளவோ ஆளில்லை. தன் எடையில் தானே இறங்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் நிரம்பி நின்றால், கேப்டன் காட்டன் கால்வாயில் வரும் தண்ணீர் போக இடமில்லாமல் வியாசர்பாடித் தெருக்களுக்கே திரும்பும். சரிவு வேண்டும், அகலம் வேண்டும், போய்ச் சேரும் இடம் தாழ்ந்திருக்க வேண்டும். ரிட்டர்ன் பைப்புக்கும் இந்த மூன்றும்தான்.

மூன்றில் ஒன்று குறைந்தாலும் டர்போவின் நடுவயிற்றில் ஆயில் தேங்கும். பிறகு சைலன்சரில் நீலப்புகை வரும், காற்று ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் வழியும். உடனே வரும் தீர்ப்பு, “சீல் போச்சு, டர்போவை மாத்து.” புது டர்போ பூட்டிய ஒரே வாரத்தில் அதே புகை திரும்ப வரும். காரணம், அங்கே இருப்பது நாம் நினைக்கிற ரப்பர் சீலே இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையம். ஷாஃப்ட் ஆயிலை உதறிவிடுவதும், இரண்டு பக்கச் சக்கர அறைகளிலும் உள்ள அழுத்தமும் சேர்ந்துதான் ஆயிலை உள்ளேயே நிறுத்துகின்றன. ஆயிலில் மூழ்கிக் கிடந்தால் அந்த வளையத்தால் தாங்க முடியாது; புதிதாக இருந்தாலும் கசியும். எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்காக ஐடிலில் நின்ற டிரெய்லர், கிளம்பும்போது கொஞ்சம் புகை விடுவதுண்டு. ஐடிலில் அந்த அழுத்தம் குறைவு, அவ்வளவுதான்.

இனி பூட்டுகிற வேலை. டர்போவை, அதன் ஆயில் வாய் நேர் கீழே பார்க்கும்படி உட்கார வைக்க வேண்டும். அதிகபட்சம் 35 டிகிரி வரை சாயலாம் என்கிறது டர்போ தயாரிக்கும் காரெட் நிறுவனம். பைப்பின் உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது. வழியில் எங்கும் தொய்ந்து மேலேறக்கூடாது, ஒரே இறக்கமாக இருக்க வேண்டும். எஞ்சின் அடியில் ஆயில் சேரும் தொட்டியான சம்ப்பில் பைப் நுழையும் இடம், டிப் ஸ்டிக் காட்டும் முழு அளவுக்கு மேலே இருக்க வேண்டும். ஆயிலுக்குள்ளே முங்கிய வாயில் நுரை இறங்காது. டர்போவே சம்ப்பைவிடத் தாழ்வாக அமைந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஆயிலை உறிஞ்ச தனி பம்ப் ஒன்று வைத்தே தீர வேண்டும்.

சம்ப்பில் ஓட்டை போட, அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வண்டியிலேயே வைத்து டிரில் போட்டு, பிசிறைக் காந்தத்தால் எடுத்துவிடலாம் என்பவர்களை நம்பாதீர்கள். அலுமினிய சம்ப்பின் பிசிறு காந்தத்தில் ஒட்டாது. திருகுமரை வெட்டிய வாயை வெல்டிங் வைத்து, கழுவி, தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்துப் பூட்டுவதே சரி. டர்போ அடியில் வரும் கேஸ்கெட்டுக்குப் பதில் பேஸ்ட் தடவுகிற பழக்கமும் வேண்டாம். இறுக்கும்போது பிதுங்கிய பேஸ்ட் உள்ளே போய் வழியை அடைக்கும். ரேடியேட்டர் ஹோஸ் கையில் இருக்கிறதே என்று அதைப் போட்டால், சூடான ஆயில் அதை ஊறவைத்துக் கெடுத்துவிடும். ஆயிலுக்கென்று வருகிற ஹோஸ்தான் வேண்டும், அதுவும் எக்ஸாஸ்ட் பைப்பை உரசாமல்.

இதற்கிடையில் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்ட நினைக்கும் வண்டிக்கு இந்தச் சிரமம் தகும்; மாதவரம் நெடுஞ்சாலைக்குத் தகாது.

எல்லாம் சரியாகச் செய்தும் புகை நிற்கவில்லையா? சம்ப்பின் உள்காற்றைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் எரிந்த வாயு சம்ப்புக்குள் சேர்கிறது. டர்போ போட்டதும் அது கூடும், பழைய எஞ்சினில் இன்னும் கூடும். அது வெளியே போக வேண்டிய பிரீதர் குழாய் அடைத்திருந்தால், அந்தக் காற்று ரிட்டர்ன் பைப் வழியே மேலேறி, இறங்குகிற ஆயிலை எதிர்த்து நிற்கும். எஞ்சினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறந்து கொஞ்ச நேரம் பாருங்கள். புகை குறைந்தால் டர்போவைத் தொட வேண்டாம். பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.