பிதுக்கம்பருப்பும் ஒரு வைப்பு ரசீதும்

மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு விடுமுறை. அந்த இரண்டு நாள் ஓய்வின் அருமை பொம்மனஹள்ளியில் மார்கழிக் குளிரில்தான் முழுமையாக விளங்குகிறது.

கன்னடத்தில் அவரேகாய் எனப்படும் மொச்சைக்கு இதுவே பருவம். சனி இரவு ஊறவைத்த பயற்றை ஞாயிறு காலை தாயாருடன் அமர்ந்து ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கினோம். பிதுக்கம்பருப்புக் குழம்பின் சுவையைக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

கைகள் வேலையில் இருக்க, பேச்சு தாயாரின் வைப்புத்தொகைக்குத் திரும்பிற்று. ரசீதை எடுத்துப் பார்த்தோம். நியமனதாரர் என்ற இடத்தில், ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமான தந்தையாரின் பெயர்! தவணைதோறும் வைப்பு தானாகப் புதுப்பிக்கப்பட்டது. பெயரை மாற்றத்தான் எவருக்கும் தோன்றவில்லை. வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் இதையே வலியுறுத்தும் எங்களுக்கு நாணமாயிற்று.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக்கு நால்வர் வரை நியமிக்கலாம். அவரவர் பங்கினையும் குறிப்பிடலாம். பங்குகளின் கூட்டுத்தொகை நூறு விழுக்காடாக இருத்தல் வேண்டும்.

“மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக எழுதுங்கள்” என்றார் தாயார்.

“ஆளுக்கு முப்பத்து மூன்று போக ஒன்று மிஞ்சுகிறதே, அம்மா?”

“அது சின்னவளுக்கு.”

திங்கள் மாலை படிவத்துடன் வீடு திரும்பினோம். மீந்திருந்த பருப்பு அன்றிரவு உப்புமாவுக்கு ஆயிற்று.