மணமுறிவில் வீட்டின் மதிப்பு: கள்ளக்குறிச்சிச் சமவெளியும் கல்வராயன் மலையும்

முன்னுரை

மணவாழ்வு முறியும்போது வீட்டின் விலை யாது என்னும் வினா எழுகிறது. அதற்கு முன்னரே விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு: அவ்வீடு யாருக்கு உரியது? 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், இவ்விரு வினாக்களுக்கும் சமவெளியில் ஒரு விடையும் கல்வராயன் மலையில் வேறு விடையும் கிடைக்கின்றன. அவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமவெளி: விலை உண்டு, பங்கு இல்லை

மணமுறிவின்போது தம்பதியர் ஈட்டிய சொத்தைச் சரிபாதியாகப் பகிரும் பொதுவிதி இந்தியச் சட்டத்தில் இல்லை. இந்துத் திருமணச் சட்டம் (1955) 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் உரிமையான பொருள்களையே சுட்டுகிறது. கிரயப் பத்திரம் கணவன் பெயரில் மட்டும் இருப்பின் மனைவிக்கு அவ்வீட்டில் தானாகப் பங்கு வாராது. ஆயினும் மதிப்பீடு பயனற்றதன்று. 25ஆம் பிரிவின்கீழ் நிரந்தர ஜீவனாம்சத்தை முடிவுசெய்யும் நீதிமன்றம் இருவரது சொத்தையும் கருத்திற்கொள்ளும். சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாக இருவரும் அளிக்கவேண்டும் என ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் பணித்தது.

அப்பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதுவது போதாது. அது முத்திரைத் தீர்வைக்கென வகுக்கப்பட்டது. சந்தை மதிப்பினின்று வேறுபடக்கூடியது. மதிப்பீட்டாளர் மனையையும் கட்டடத்தையும் தனித்தனியே கணக்கிடுகிறார். மனையை அருகில் அண்மையில் நடந்த கிரயங்களோடு ஒப்பிடுகிறார். கட்டடத்திற்குத் தேய்மானம் கழிக்கிறார். வங்கிக் கடன் நிலுவையும் நீங்கிய எச்சமே உரிமையாளரின் உண்மையான சொத்து மதிப்பு. தரப்பினர் முரண்பட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 9இன்படி ஆணையரை நியமித்துச் சந்தை மதிப்பை அறியலாம்.

மனைவியின் வீட்டுப்பணியும் கணவன் சொத்து வாங்கத் துணைநின்ற பங்களிப்பே எனச் சென்னை உயர் நீதிமன்றம் கண்ணையன் நாயுடு எதிர் கம்சலா அம்மாள் வழக்கில் (21.6.2023) ஏற்றது. அது மணமுறிவு வழக்கன்று; எனினும் பத்திரத்தில் பெயர் இல்லாத மனைவியின் உழைப்புக்கு மதிப்பளித்த தீர்ப்பாகும்.

மலை: பங்கு உண்டு, விலை இல்லை

கல்வராயன் மலைவாழ் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். மைய அரசின் அறிவிக்கை இன்றி இந்துத் திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்கிறது அதன் 2(2)ஆம் பிரிவு. எனவே மேற்கண்ட 25, 27ஆம் பிரிவுகளும் அவர்களுக்கு இல்லை. மணமும் முறிவும் வழக்காற்றின்பாற்பட்டவை.

மாறாக, வன உரிமைச் சட்டம் (2006) 4(4)ஆம் பிரிவு, குடியிருப்புக்கும் சாகுபடிக்கும் வழங்கப்படும் வனநில உரிமையைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியச் சொல்கிறது. அவ்வுரிமை வழிவழி வரும். ஆனால் விற்கவோ மாற்றவோ இயலாது. விற்பனையே இல்லாத இடத்தில் ஒப்பிடக் கிரயம் இல்லை. ஒருவர் பங்கை மற்றவர் விலைகொடுத்துப் பெறவும் வழியில்லை. இத்தகைய வீட்டில் மதிப்பிட வேண்டியது விலையை அன்று, வாழும் உரிமையை. பிரிவிற்குப் பின் மனைவி தாய்வீட்டிற்குச் சென்றுவிட்டால், ஆவணத்தில் அவள் பெயர் இருந்தும் அனுபவம் கணவனிடமே தங்கிவிடும்.

முடிவுரை

சமவெளிப் பெண்ணுக்கு வீட்டின் விலை எழுதப்படுகிறது, பெயர் எழுதப்படுவதில்லை. வன உரிமை பெற்ற மலைப்பெண்ணுக்குப் பெயர் எழுதப்படுகிறது, விலை இல்லை. ஆகவே மணமுறிவுச் சொத்தை ஆராய்வோர் தொகையை மட்டும் நோக்காது, ஆவணத்தில் யார் பெயர் உள்ளது, முறிவிற்குப் பின் அவ்வீட்டில் யார் வாழ்கிறார் என்னும் இரண்டையும் சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும்.