மலர் மருந்தும் மறுக்க அறியாத மனமும்

இலுப்பை மரத்தின் பெயரைத் தாங்கி நிற்பது நம் இலுப்பூர். ஆதலின் இவ்வூரார்க்கு மலரின் பயனை எடுத்துரைப்பது மிகையேயாகும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்னும் பழமொழியை அறியாதார் நம்மில் இலர். கோடையின் தொடக்கத்தில் இரவு நேரத்தில் உதிரும் அவ்வினிய பூவை நம் முன்னோர் பொறுக்கி உலர்த்தி உணவாக்கினர். வித்தின் எண்ணெய் விளக்கெரிக்க உதவிற்று, பிண்ணாக்கு தலைக்கு அரப்பாயிற்று, வயலுக்கு எருவாயிற்று. இவையெல்லாம் உடலுக்கும் வாழ்வுக்கும் மலர் தந்த பயன்கள். மனத்தின் குறைக்கும் மலரே மருந்தாகும் என்று கூறிய மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் கூற்றில் நம் சங்க அங்கத்தினர்கள் சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் 1886ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் எட்வர்டு பாட்ச் என்பவரே அவர். லண்டன் நகரில் மருத்துவத் தொழில் நடத்தி வந்த அவர் 1930ஆம் ஆண்டு அதனைத் துறந்து நாட்டுப்புறத்திற்குச் சென்றார். 1936ஆம் ஆண்டு காலமாவதற்குள் 38 மருந்துகளை வகுத்தார். நோயைப் பாராமல் நோயாளியின் மனப்பாங்கைப் பார்த்து மருந்து தரவேண்டும் என்பது அவர் கொள்கை. அச்சத்திற்கு ஒன்று, பொறுமையின்மைக்கு ஒன்று என அவர் வகுத்த வரிசையில், பிறர் தேவையையே முன்வைத்துத் தம்மை மறந்துவிடுவோர்க்கும் ஒரு மலர் உண்டு. அதன் பெயர் சென்டாரி. இளஞ்சிவப்புப் பூக்களையுடைய சிறு செடி அது. நம் நாட்டுச் சித்த மருத்துவத்தில் வழங்கும் வெள்ளருகும் அச்செடியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் கசப்புடையவை.

மருந்து செய்யும் முறை எளியது. பூக்களை ஊற்றுநீரில் மிதக்கவிட்டு, 3 மணி நேரம் வெயிலில் வைத்து, அந்நீருடன் சம அளவு பிராந்தி சேர்ப்பார்கள். அதனை மேலும் நீர்க்கச் செய்து, துளிக்கணக்கில் அருந்தத் தருவார்கள். இன்று நம் நாட்டு ஹோமியோபதி மருந்துக் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. மது அருந்தாத நோன்புடையோரும், குடிப்பழக்கத்தினின்று மீண்டோரும் அதில் பிராந்தி இருப்பதை அறிந்திருத்தல் நலம்.

இம்மருந்து பயன் தருமா? எக்ஸிடர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்ஸர்டு எர்ன்ஸ்டு, பாட்ச் மருந்துகளைப் பற்றி நடந்த சோதனைகளை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டார். மருந்தே கலவாத போலித் துளிகள் எவ்வளவு பயன் தந்தனவோ, அதற்கு மேல் இவை பயன் தந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அம்முடிவு. ஆகவே சென்டாரியை நம்பிப் பொருளைச் செலவிடவேண்டுவதில்லை.

ஆயினும், மருந்து பொய்த்தது என்பதனால் நோயும் பொய் என்று ஆகிவிடாது. நல்ல மனமும் மென்மையும் உடையவர், பிறர்க்கு உதவ விரும்பி, உதவியாளராக நில்லாது ஏவலாளராகவே ஆகிவிடுகிறார் என்று பாட்ச் கண்டது முற்றிலும் உண்மை. அத்தகையோர் நம்மிடையே பலர் உளர். கண்மாய் நீரில் தம் முறையை அண்டை வயலுக்கு விட்டுக்கொடுத்துத் தம் நாற்று வாடக் காண்பவர் ஒருவர். தம் தறியில் பாவு காத்திருக்க, பிறர் வீட்டுத் தாருக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் தாய்மார் ஒருவர். கேட்டவர்க்கெல்லாம் கடன் பத்திரத்தில் ஜாமீன் கையொப்பம் இடுபவர் வேறொருவர்.

இவர்களுள் மிக்க ஆபத்திற்கு உள்ளாகிறவர் கடைசியாகக் கூறப்பட்டவரே. ஜாமீன் என்பது வெறும் சாட்சிக் கையொப்பம் என்று பலர் எண்ணுகின்றனர். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவில், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாவிடின் ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்று விதிக்கிறது. அவர் கட்டத் தவறினால் இவர் கட்டவேண்டும். கட்டிய தொகையை அவரிடமிருந்து பெறும் உரிமையை அச்சட்டத்தின் 145ஆம் பிரிவு தருகிறது. ஆனால், கேட்டபோது மறுக்க நாணியவர், வழக்காடித் திரும்பப் பெறுவது எங்ஙனம்?

இதற்குரிய மெய்யான மருந்தைக் கூட்டுறவின் வரலாற்றிலேயே காணலாம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு, நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் ஒரு கடையைத் திறந்தனர். ரொக்கத்திற்கே விற்பனை, கடன் இல்லை என்பது அவர்கள் வகுத்த விதி. அண்டை வீட்டார் கடன் கேட்கும்போது கடையில் நிற்பவர் முகம் சுளிக்கவேண்டியதில்லை. அவருக்காக விதியே மறுமொழி கூறிற்று. கண்மாயின் நீர்முறையும் அத்தகையதே. மறுக்க அறியாதவர் சார்பில் மறுப்பதற்கென்றே விதிகள் உள்ளன. விதி தளர்ந்த இடத்தில், வலியவர் கேட்டுப் பெறுவர். இரக்கமுள்ளவர் இழந்துகொண்டே இருப்பர்.

ஆதலின் அங்கத்தினர்கள் சிலவற்றைக் கைக்கொள்வது நன்று. ஜாமீன் கையொப்பமிடுமுன் கடன் தொகையும் தவணையும் முழுமையாகத் தெரிந்துகொள்ளவேண்டும். முன்னரே எத்தனை கடன்களுக்குப் பொறுப்பேற்றோம் என்பதை ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அத்தொகையைத் தாமே கட்ட நேர்ந்தால் குடும்பம் தாங்குமா என்று வீட்டாருடன் கலந்து பேசிய பின்னரே ஒப்புதல் தரவேண்டும். நிர்வாகக் குழுவினரும், ஒரே அங்கத்தினர் பலமுறை ஜாமீன் நிற்கக் கண்டால், அவரைத் தனியே அழைத்து விளக்குவது கடமையாகும். தார் சுற்றும் தாய்மார்க்கு உரிய கூலியைக் கணக்கில் எழுதுவதும் அவ்வகையைச் சேர்ந்ததே.

உதவுவது குற்றமன்று; கூட்டுறவின் உயிரே அதுதான். ஆனால் கூட்டுறவு என்பது ஒருவரையொருவர் தாங்குவது. ஒருவரே எல்லோரையும் தாங்குவதன்று. இலுப்பை மரமும் தன் வேரில் நீர் இருக்கும் வரையில்தான் ஊருக்குப் பூச்சொரியும்.