மண்ணிறத் தொட்டியில் போடுவது எங்கே போகிறது?

ஊரிலே தோட்டம் செய்தவர்களுக்குப் பசளையின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. பூவரசங் குழை தாட்டு, மாட்டெரு போட்டு மண்ணை வளர்த்தவர்கள் நாங்கள். அதே வேலையை ஜேர்மனியில் பெரிய தொழிற்சாலைகள் செய்கின்றன. அவற்றுக்கு மூலப்பொருள் கொடுப்பது எங்கள் குசினிகள்தான்.

இங்கு உக்கக்கூடிய கழிவுகளைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் 2015 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. இதற்காகவே பல நகரங்களில் 'பியோரொன்னே' எனப்படும் மண்ணிறத் தொட்டி வாசலில் நிற்கிறது.

தொழிற்சாலைக்கு வரும் லொறியை முதலில் நிறுப்பார்கள். பிறகு கழிவை மண்டபத்தில் கொட்டி அரிப்பார்கள். இரும்பைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். மரக்கறிக் கழிவு ஈரமானது, நைதரசன் கூடியது. அதனுடன் காபன் கூடிய மரக்கிளைத் துண்டுகளைக் கலப்பார்கள். அப்போதுதான் குவியலுக்குள் காற்றோட்டம் இருக்கும். காற்று இல்லாவிட்டால் அழுகி நாறும். சில தொழிற்சாலைகள் முதலில் காற்றில்லாத கலன்களில் கழிவைப் புளிக்கவைத்து, வரும் வாயுவிலிருந்து மின்சாரமும் எடுக்கின்றன.

பின்னர் நீண்ட குவியல்களாக்கி, இயந்திரத்தால் புரட்டுவார்கள். அல்லது அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது குவியல் தானாகவே கொதிக்கும். 55 பாகை வெப்பம் இரண்டு கிழமை, அல்லது 60 பாகை ஆறு நாள், அல்லது 65 பாகை மூன்று நாள் நிற்கவேண்டும் என்பது விதி. நோய்க்கிருமிகளும் களை விதைகளும் சாவதற்கே இந்த ஏற்பாடு. அதன்பின் பல கிழமைகள் ஆறவிட்டு, மீண்டும் அரித்து, கூட்டெருவாக விவசாயிகளுக்கும் பூந்தோட்டக்காரருக்கும் விற்கிறார்கள்.

இதில் பெரிய எதிரி பொலித்தீன் பை. இயந்திரத்தில் அது துண்டு துண்டாகி எருவோடு கலந்தால், அரித்தும் முழுதாக எடுக்க முடியாது. கடைசியில் வயலுக்குத்தான் போகும். 'உக்கும் பை' என்று எழுதியிருப்பவையும் குறித்த காலத்துக்குள் உக்குவதில்லை என்று பல தொழிற்சாலைகள் மறுக்கின்றன. 2025 மே 1 முதல் விதிகள் மேலும் இறுகின.

தொட்டியில் பிளாஸ்ரிக் கிடந்தால், ஊழியர் அதை வெறுமையாக்காமல் ஓர் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போகலாம். தனியாக அகற்றும் செலவு, மாடிக் குடியிருப்புகளில் எல்லாக் குடும்பங்களின் கணக்கிலும் ஏறலாம். அப்போது புதிதாக வந்தவர்களை நோக்கியே முதலில் விரல் நீளும். இந்தப் பழி எங்களுக்கு ஏன்?

வெங்காயத் தோல், கறிவேப்பிலைக் காம்பு, தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் ஆகியவற்றைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிப் போடுங்கள். சமைத்த சோறு, இறைச்சி, எலும்பு, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றுக்கு நகரத்துக்கு நகரம் விதி வேறு. நகரசபை தரும் குப்பைக் கலண்டரைப் பாருங்கள். மொழி விளங்காவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.