மணலும் வாயுவைப் பிடித்து வைக்கும்

வடமராட்சி கிழக்கில் அம்பன், நாகர்கோவில் பக்கம் பரந்து கிடக்கும் வெண்மணல் பெரும்பாலும் சிலிக்காவே. கண்ணாடி செய்வதற்கு உகந்தது என்பதால் அதன்மீது பலருக்கும் கண். அதே சிலிக்கா, அணுக்கள் கோக்கப்படும் விதம் மாறினால் எரிவாயுவைச் சிறைப்பிடிக்கும் கூடாகவும் ஆகிவிடுகின்றது.

யப்பானின் சிபா மாகாணத்தில், பழைய கடற்படிவப் பாறைகளில் கிடைத்த அபூர்வக் கனிமம் ஒன்று இதற்குச் சான்று. அதனை முதலில் இனங்கண்டு எடுத்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். கல் சேகரிக்கும் ஆர்வலர்களே. ஆய்வு முடிவுகள் 2011இல் வெளியாகின. மாகாணத்தின் பெயராலேயே அது 'சிபாயிற்' எனப்படுகின்றது.

சாதாரண மணலில் உள்ள குவார்ட்ஸில் அணுக்கள் நெருங்கி அடைந்திருக்கும். சிபாயிற்றிலோ அவை பன்னிரண்டு முகமும் பதினாறு முகமும் கொண்ட கூடுகளாகப் பின்னப்பட்டுள்ளன. சிறிய கூட்டில் மெதேன். பெரியதில் எதேன், புரோபேன், ஐசோபியூற்றேன். இரசாயனப் பிணைப்பு எதுவும் இல்லை, வெளியேற வழி இல்லை, அவ்வளவுதான். நமது களப்புகளில் நண்டுக்குக் கூடு வைப்பார்கள். அங்கே நண்டு ஆயத்தமாக உள்ள கூட்டுக்குள் போகும். இங்கே நண்டைச் சுற்றியே கூடு பின்னப்படுகின்றது.

இவ்வகையில் முன்னரே அறியப்பட்டது, சிசிலித் தீவில் கிடைத்து 1876இல் பெயரிடப்பட்ட மெலனோப்லோகைற். சூடாக்கினால் கறுத்துவிடும், பெயரும் அதனையே சொல்கின்றது. அதன் கூடுகள் சிறியவை என்பதால் புரோபேன் போன்ற பெரிய மூலக்கூறுகளுக்கு அங்கே இடமில்லை.

இதே வடிவக் கூட்டை நீரும் கட்டும். 2006இல் இந்தியாவின் கிருஷ்ணா–கோதாவரிக் கடற்படுகையில் துளையிட்டபோது அகப்பட்ட மெதேன் ஐதரேற்று அத்தகையதே. ஆனால் அமுக்கம் குறைந்தால் அந்தப் பனிக்கூடு கரைந்துவிடும். சிலிக்காக் கூடு கரையாது. வெகுகாலத்துக்கு முன் கடலடியில் எந்த வாயு ஊறியது என்பதற்கு அது சாட்சியாக நிற்கின்றது. சிபாயிற்றின் பெறுமதி அதுவே; அடுப்பெரிக்க அது உதவாது.

2011இலேயே மன்னார்ப் படுகையில் கெயார்ன் நிறுவனம் கண்டறிந்த எரிவாயு வேறு வகை. அது பாறையின் நுண்துளைகளில் தேங்கிய வாயு. இன்றுவரை அது வர்த்தக ரீதியில் எடுக்கப்படவில்லை.

அம்பன் மணலில் வாயு இல்லை. அது பிடித்து வைத்திருப்பது மழைநீரை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், மணற்றிட்டிகளின் அடியில் இறங்கும் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கின்றது. மணலை வாரிச் சென்றால் அந்த வில்லை மெலியும், கீழிருக்கும் உவர் மேலெழும். காங்கேசன்துறையில் சீமெந்துக்காகக் கல் அகழ்ந்த குழிகளைப் பார்த்தவர்களுக்கு, தோண்டியது திரும்பி வராது என்பது தெரியும். மணற்காட்டுக் கிணறுகளில் இன்னமும் நல்ல தண்ணீர் கிடைக்கின்றது.